கடல் படிவம் நிரப்புவதில்லை: மழையோடும் அலையோடும் உரசும் தொழில்களுக்குச் செயல்முறை வரைபடம் — அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவிலில் இருந்துகொண்டு, ஒரு தொழில் எப்படி நடக்கிறது என்பதைத் தாளில் வரைந்து கொடுப்பது என் பிழைப்பு. ரப்பர் பால் சேகரிப்பவர்கள், ஐஸ் ஆலைக்காரர்கள், மீன் ஏற்றுபவர்கள், பூ அனுப்புபவர்கள் என்று வருவார்கள். கல்லூரி புராஜெக்ட்டுக்காக மாணவர்களும் வருவார்கள். எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொரு முறையும் தேநீர் வாங்கிக் கொடுத்துப் பதில் சொல்வதைவிட எழுதி வைப்பது மலிவு.

செயல்முறை வரைபடம் என்றால் என்ன? படிகளை எழுதிவைத்தால் போதாதா?

ஐந்து படிகள் மட்டும் இருந்தால் எழுதிவைத்தாலே போதும். ஒரு படி முடியும்முன் இன்னொன்று தொடங்கி, நடுவில் மூன்று பேர் கைமாறி, "ஒருவேளை இப்படி ஆனால்" என்று நான்கு கிளைகள் முளைத்தால் எழுத்து தடுமாறும். அங்கே படம் உதவும்.

உலகம் முழுவதும் இதற்குப் பரவலாகப் பயன்படும் குறியீட்டு முறை பி.பி.எம்.என். முதல் பதிப்பு 2004-இல் வந்தது. இன்று நாம் பயன்படுத்தும் 2.0 பதிப்பு 2011-இல் வெளியாகி, 2013-இல் ஐ.எஸ்.ஓ. 19510 என்ற பன்னாட்டுத் தரமாகவும் ஆனது. வட்டம் என்றால் நிகழ்வு. முனை மழுங்கிய பெட்டி என்றால் ஒருவர் செய்யும் பணி. சாய்சதுரம் என்றால் வழி பிரியும் அல்லது சேரும் இடம். அம்புக்குறி வரிசையைக் காட்டும். யார் செய்கிறார் என்பதைக் காட்ட, ஓட்டப்பந்தய மைதானம்போல் நீளநீளமான தடங்கள். இந்த ஐந்தும் தெரிந்தால் ஊரில் உள்ள முக்கால்வாசித் தொழில்களை வரைந்துவிடலாம். மீதிக் குறிகளைத் தேவை வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

அலுவலக வேலையை வரைவதற்கும் ரப்பர், மீன் போன்றவற்றை வரைவதற்கும் என்ன வித்தியாசம்? குறிகள் ஒன்றுதானே?

குறிகள் ஒன்றுதான். ஆனால் வங்கியில் ஒரு கடன் விண்ணப்பம் மேலாளர் மேசையில் மூன்று நாள் கிடந்தால், மூன்று நாள் கழித்தும் அது அதே கடன் விண்ணப்பம். ரப்பர் பால் அப்படியில்லை.

என் முதல் வரைபடத்தின் கதையைச் சொன்னால்தான் இது விளங்கும். குலசேகரம் பக்கம் ஒரு பால் சேகரிப்பு நிலையம். பதினான்கு பெட்டிகள் கொண்ட அழகான படம் வரைந்து கொடுத்தேன். பால் வருகிறது, எடை போடுகிறோம், தரம் பார்க்கிறோம், மேற்பார்வையாளர் ஒப்புதல் தருகிறார், பால் உறையாமலிருக்க அம்மோனியா சேர்த்துப் பீப்பாயில் ஊற்றுகிறோம். சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார்கள். இரண்டாவது வாரமே மேற்பார்வையாளர் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். ஒப்புதல் என்ற பெட்டியில் வேலை நின்றது. படத்தில் நின்றது வேலை மட்டும்தான். வாளியில் பால் நிற்கவில்லை. வெயில் ஏற ஏற அது தன் போக்கில் உறைந்துகொண்டிருந்தது. மதியம் அவர் வந்து கையெழுத்துப் போட்டபோது, அவர் ஒப்புதல் தந்தது பாலுக்கு அல்ல, கட்டிக்கு.

பிழை என்னுடையது. பெட்டிகளுக்கு இடையில் நான் போட்ட அம்புக்குறிகளில் காலம் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதை நான் வரையவே இல்லை. மரத்திலிருந்து இறங்கிய பாலுக்கு அம்மோனியா சேரும்வரை சில மணி நேரம்தான் ஆயுள். வெயிலும், மரத்தில் பால் பிடிக்கும் அழுக்குச் சிரட்டையும் அதையும் குறைக்கும். இப்போது அதே படத்தில் ஒப்புதல் பெட்டியின் விளிம்பில் ஒரு கடிகார வட்டம் ஒட்டியிருக்கிறது. குறித்த நேரத்துக்குள் ஒப்புதல் வராவிட்டால் நிலையப் பணியாளரே அம்மோனியா சேர்த்துவிட வேண்டும். கேள்வி கேட்பதெல்லாம் பிறகு.

அப்படியானால் புதிதாக எதைத்தான் வரைய வேண்டும்?

மூன்று நேரங்களை. வெளியே ஒன்று நடந்த நேரம், அது நமக்குத் தெரிந்த நேரம், நாம் அதற்கேற்ப ஏதாவது செய்த நேரம். அலுவலக வேலைகளில் முதல் இரண்டும் பெரும்பாலும் ஒன்றுதான், ஏனென்றால் விண்ணப்பம் வந்ததே நிகழ்வு, வந்ததும் தெரிந்துவிடுகிறது. கடலோடும் மலையோடும் வேலை செய்பவர்களுக்கு இந்த மூன்றும் தனித்தனி. நட்டமெல்லாம் அவற்றின் இடைவெளியில்தான் உட்கார்ந்திருக்கிறது.

கன்னியாகுமரிப் படகுத்துறையை எடுத்துக்கொள்ளுங்கள். விவேகானந்தர் பாறைக்குப் பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகம் படகு விடுகிறது. சில நாள்களில் கடல் உள்வாங்கி நீர்மட்டம் தாழ்ந்துவிடும். படகு தளத்தில் அணையாது, தரை தட்டும் அபாயம் உண்டு, போக்குவரத்தை நிறுத்துவார்கள். "கடல் நீர்மட்டம் தாழ்வு, படகு சேவை தாமதம்" என்ற செய்தி நம் ஊர் நாளிதழ் வாசகர்களுக்குப் பழக்கமானது. இங்கே நீர் இறங்கத் தொடங்கியது ஒரு நேரம், துறையில் இருப்பவர் கண்ணில் அது பட்டது இன்னொரு நேரம், டிக்கெட் கவுண்டரில் விற்பனை நின்றது மூன்றாவது நேரம் என்று எந்தச் சேவையிலும் பிரிக்கலாம். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் விற்ற ஒவ்வொரு டிக்கெட்டும் வரிசையில் ஒரு கோபக்காரரைச் சேர்க்கும். இன்னொன்றும் உண்டு: ஏற்கெனவே பாறைக்குப் போய்விட்டவர்கள் திரும்ப வேண்டும். "சேவை நிறுத்தம்" என்று ஒரே ஒரு பெட்டி போடும் மாணவர்கள் அவர்களைப் பாறையிலேயே விட்டுவிடுகிறார்கள். புறப்படும் படகை நிறுத்துவதும் திரும்பும் படகை நிறுத்துவதும் இரண்டு வேறு முடிவுகள், இரண்டு வேறு சாய்சதுரங்கள்.

இதே இடத்தில் இன்னொரு பாடமும் கிடைக்கிறது. திருவள்ளுவர் சிலைக்கும் விவேகானந்தர் பாறைக்கும் இடையே 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. அதற்கு முன்பு, பாறைகளும் அலையும் காரணமாகச் சிலைக்குப் படகு போகாத நாள்கள் ஏராளம், பயணிகள் விவேகானந்தர் பாறையோடு திரும்புவார்கள். அந்த "சிலைக்குப் படகு போகுமா?" என்ற கிளையைப் பாலம் பெருமளவு தேவையற்றதாக்கிவிட்டது. மென்பொருளால் தீர்க்க முயலும் சில கிளைகளை இரும்பும் கண்ணாடியும் எளிதாகத் தீர்க்கும். ஆலோசகர்கள் இதைச் சொல்லமாட்டார்கள், சொன்னால் பிழைப்பு என்னாவது?

கடலை ஒரு பங்கேற்பாளராக வரைபடத்தில் சேர்க்கலாமா?

மாணவர்களின் செல்லக் கேள்வி. "இயற்கை" என்று ஒரு பெரிய பெட்டி போட்டு, அதிலிருந்து நம் பெட்டிக்குச் செய்தி அம்பு விடுவார்கள். பார்க்க அழகாக இருக்கும். நான் அடித்துவிடுவேன்.

குறியீட்டு முறையின்படி விட்டுவிட்ட கோட்டு அம்பு என்றால் ஒருவர் இன்னொருவருக்கு அனுப்பும் செய்தி. கடல் யாருக்கும் கடிதம் எழுதுவதில்லை. அலை உயர்ந்ததை யாரோ பார்க்கிறார், அல்லது ஒரு கருவி அளக்கிறது, அவரோ அதுவோதான் செய்தி அனுப்புகிறது. அந்தப் பார்ப்பவருக்கு ஒரு தடம் வேண்டும். "அலை உயர்ந்தது" என்ற வட்டத்தைக் காற்றில் தொங்கவிட்டால், பார்க்கும் பொறுப்பு யாருடையது என்ற கேள்வி மறைந்துவிடும். பார்ப்பவர் சாப்பிடப் போனால் என்ன ஆகும் என்ற கேள்வியும் சேர்ந்து மறையும்.

மழை, காற்று, அலை — எதற்கு எந்த வட்டம்?

எளிய வழி ஒன்று சொல்கிறேன். நாள்காட்டியோ கடிகாரமோ சொன்னால் கடிகார வட்டம். யாரோ நமக்கென்று சொன்னால் கடித உறை வட்டம். ஊருக்கே பொதுவாக அறிவித்தால் முக்கோணம் போட்ட சமிக்ஞை வட்டம். நம்மிடம் உள்ள ஓர் அளவு ஓர் எல்லையைத் தாண்டினால், கோடு போட்ட தாள்போல் இருக்கும் நிபந்தனை வட்டம்.

கடிகார வட்டம் எளிது என்று நினைத்துவிடாதீர்கள். மீன்பிடித் தடைக்காலம் 61 நாள். நம் மாவட்டத்தின் கிழக்குப் பக்கமான சின்னமுட்டத்தில் அது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்குப் பக்கம் முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணத்தில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரே மாவட்டம், இரண்டு நாள்காட்டிகள், ஜூன் முதல் பாதியில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று. இரண்டு கரைகளிலும் விசைப்படகுகளுக்கு ஐஸ் கொடுக்கும் ஆலைக்கு "தடைக்காலம்" என்று ஒரே வட்டம் போட்டவரின் உற்பத்தித் திட்டம் எப்படியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நேரமும் இடத்தைப் பொறுத்தது.

இன்னொரு நுணுக்கம். பணிப் பெட்டியின் விளிம்பில் ஒட்டும் வட்டம் முழுக்கோடாக இருந்தால், அது நிகழ்ந்ததும் அந்தப் பணி அறுந்துவிடும். விட்டுவிட்ட கோடாக இருந்தால் பணி தொடரும், கூடவே இன்னொரு வேலையும் தொடங்கும். தூறலுக்கு விட்ட கோடு, இடிமின்னலுக்கு முழுக்கோடு. இந்தச் சின்னக் கோட்டில்தான் ஒரு தொழிலாளியின் பாதுகாப்பு இருக்கிறது, கவனமாக வரையுங்கள்.

"எச்சரிக்கை அனுப்பப்பட்டது" என்று வரைபடத்தை முடிக்கலாமா?

இந்தக் கடற்கரையில் உட்கார்ந்துகொண்டு யாரும் அப்படி முடிக்கக் கூடாது.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் குமரி முனைக்கு அருகே கடந்தது. தூத்தூர் வட்டார ஆழ்கடல் மீனவர்கள் வாரக்கணக்கில் கடலில் தங்கித் தொழில் செய்பவர்கள். புயல் உருவாகும் முன்பே அவர்கள் நெடுந்தொலைவு போயிருந்தார்கள். கைபேசி எட்டாது, கரையிலிருந்து பேசும் வி.எச்.எஃப். வானொலியும் அவ்வளவு தூரம் எட்டாது. எச்சரிக்கை என்ற ஒன்று கரையில் இருந்தது, கடலில் இல்லை. எத்தனை வீடுகளில் அதன் விளைவு இன்னும் இருக்கிறது என்பது இந்தப் பக்கத்து மக்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வரைபட மொழியில் சொன்னால், அனுப்பும் வட்டமும் பெறும் வட்டமும் வேறு வேறு. குறியீட்டு முறையிலேயே இரண்டுக்கும் தனிக் குறி இருக்கிறது: நிரப்பிய உறை அனுப்புவது, வெற்று உறை பெறுவது. நான் மூன்றாவதாக ஒன்றையும் வற்புறுத்துவேன். பெற்றவர் "கிடைத்தது" என்று திருப்பிச் சொல்வதும், குறித்த நேரத்துக்குள் அது வராவிட்டால் வேறு வழியில் முயல்வதும். ஒக்கிக்குப் பிறகு செயற்கைக்கோள் வழியே படகுக்கு எச்சரிக்கை சேர்க்கும் ஜெமினி என்ற கருவி 2019-இல் அறிமுகமானது. பெரிய முன்னேற்றம், ஆனால் அது ஒருவழிக் கருவி. கரை பேசும், படகு கேட்கும், படகு பதில் சொல்ல முடியாது. ஒருவழிக் கருவியை வைத்து வரையும்போது "கிடைத்தது" என்ற வட்டம் வராது என்பதை ஒப்புக்கொண்டு, அந்த இடத்தைப் படத்தில் வெளிப்படையாக விட்டுவைக்க வேண்டும்.

சென்சார் வைத்துவிட்டால் எல்லாம் தானாகத் தெரிந்துவிடுமே?

அளவு வேறு, நிகழ்வு வேறு. சென்சார் தருவது எண்களின் தாரை. "ஐஸ் அறையில் சூடு ஏறிவிட்டது" என்பது அந்தத் தாரையைப் பார்த்து நாம் எடுக்கும் முடிவு. நடுவில் சில அசிங்கமான வேலைகள் உண்டு, அவற்றை யாரும் படத்தில் காட்டுவதில்லை.

டி.எஸ்.18பி20 என்ற மலிவான வெப்பமானி மாணவர்கள் எல்லோரும் வாங்குவது. மின்சாரம் வந்தவுடன், உண்மையாக அளந்து முடிக்கும்முன் கேட்டால் அது 85 டிகிரி செல்சியஸ் என்று பதில் சொல்லும். அது அதன் தொடக்க மதிப்பு. கம்பி கழன்றால் பரவலாகப் பயன்படும் நிரல் நூலகம் கழித்தல் 127 என்று தரும். ஒரு நள்ளிரவில் மின்சாரம் போய்வந்ததும், மீன் அறை 85 டிகிரி என்று உரிமையாளருக்குக் குறுஞ்செய்தி போய், அவர் லுங்கியோடு ஸ்கூட்டரில் வந்து நின்ற காட்சியை நான் பார்த்திருக்கிறேன். மீன் குளிர்ந்துதான் இருந்தது. அவருக்குத்தான் வியர்த்திருந்தது.

ஆகவே மூன்று கிளைகள் வேண்டும்: அளவு வந்தது, அளவு வரவில்லை, வந்த அளவு நம்பும்படி இல்லை. உப்புக்காற்று இணைப்புகளை அரிக்கும் நம் கடலோரத்தில் இரண்டாவதும் மூன்றாவதும் அபூர்வம் அல்ல, வாடிக்கை.

அடுத்தது எல்லைக்கோட்டு நடனம். பேச்சிப்பாறை அணையின் முழுக் கொள்ளளவு 48 அடி. எடுத்துக்காட்டுக்கு, 44 அடியைத் தாண்டினால் கீழேயுள்ள தோட்டக்காரர்களுக்கு அறிவிப்பு போக வேண்டும் என்று ஒருவர் நிபந்தனை வட்டம் போடுகிறார். நீர்மட்டம் சரியாக 44-இல் நின்று, காற்றில் சிற்றலை அடித்தால்? 43.98, 44.01, 43.99, 44.02 என்று அளவு ஆடும், ஒவ்வொரு தாண்டலுக்கும் ஓர் அறிவிப்பு. பத்தாவது அறிவிப்பில் கைபேசியை அணைத்துவிடுவார்கள், பதினோராவது உண்மையானதாக இருக்கும். ஏறும்போது ஓர் எல்லை, இறங்கும்போது அதற்குக் கீழே வேறோர் எல்லை வைப்பதுதான் தீர்வு. 44-இல் எச்சரிக்கை தொடங்கினால் 43-க்குக் கீழே போன பிறகுதான் அது முடியட்டும். திற்பரப்பு அருவியில் குளிக்கத் தடை போடுவதையும் நீக்குவதையும் கவனித்தவர்களுக்கு இது தெரியும். தண்ணீர் கொஞ்சம் குறைந்த கணத்திலேயே யாரும் தடையை எடுப்பதில்லை.

உள்ளூரில் எல்லாவற்றையும் அளந்தால் போதுமா?

போதாது. கள்ளக்கடல் என்ற சொல் நம் மீனவர்களுடையது, இப்போது அறிவியலாளர்களும் அதே சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். எங்கோ தெற்கு இந்தியப் பெருங்கடலில் வீசிய காற்று எழுப்பிய நெடு அலை, நாள்கணக்கில் பயணம் செய்து, இங்கே வானம் தெளிந்து காற்று அடங்கியிருக்கும்போதே கரையில் ஏறும். திருடன்போல் வருவதால் அந்தப் பெயர். 2024 மே மாதம் இந்த மாவட்டக் கடற்கரையிலேயே அது உயிர்களைக் கொண்டுபோனது. கரையில் நீங்கள் வைத்த காற்றுமானி எதையும் காட்டாது. இத்தகைய நிகழ்வுக்கு ஐதராபாத்திலுள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் நிறுவனத்தின் முன்னறிவிப்பை வெளியிலிருந்து வரும் செய்தியாகத்தான் வரைய வேண்டும். உள்ளூர் சென்சாரும் அந்தச் செய்தியும் முரண்பட்டால் எதை நம்புவது என்ற சாய்சதுரத்தையும் சேர்த்து வரையுங்கள். என் பதில்: பயமுறுத்துவதை நம்புங்கள்.

எங்கள் தோட்டம் மலைப்பக்கம். சிக்னல் விட்டுவிட்டு வரும். தானியங்கி மழைமானி பயன்படுமா?

பயன்படும், இரண்டு கடிகாரங்களையும் வைத்துக்கொண்டால். காலையில் பெய்த மழையைக் கருவி நினைவில் வைத்து, மாலை ஐந்துக்குச் சிக்னல் வந்ததும் மொத்தமாக அனுப்பும். வந்துசேர்ந்த நேரத்தை மட்டும் பார்க்கும் மென்பொருள், மழை ஐந்து மணிக்குப் பெய்ததாக நம்பும். மறுநாள் ரப்பர் பால்வெட்டைத் திட்டமிடும்போது அந்தப் பொய் வேலையைக் காட்டும். ஒவ்வோர் அளவோடும் அளந்த நேரம் ஒட்டியிருக்க வேண்டும்.

சின்னக் கருவிகள் பேசிக்கொள்ள எம்.க்யூ.டி.டி. என்ற நெறிமுறை பரவலாக இருக்கிறது. 1999-இல் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் இணைப்பு வழியாகக் கண்காணிக்க உருவானது, அதனால் மோசமான இணைப்புக்கு ஏற்றது. அதில் எனக்குப் பிடித்த ஏற்பாடு ஒன்று உண்டு. கருவி இணையும்போதே ஓர் உயில் எழுதி வைத்துவிடும். அது சொல்லாமல் கொள்ளாமல் தொடர்பை இழந்தால், நடுவில் இருக்கும் சேவையகம் அந்த உயிலை மற்றவர்களுக்கு வாசித்துவிடும். "மழைமானி போய்விட்டது" என்பதும் அப்போது ஒரு நிகழ்வு ஆகிறது. மௌனத்தை "மழை இல்லை" என்று படிக்கும் தவறு நின்றுபோகிறது.

வேலை பாதியில் கெட்டால் பழைய நிலைக்குத் திரும்புவதை எப்படி வரைவது?

திரும்ப முடியாது. வங்கிக் கணக்கில் எடுத்த பணத்தைத் திரும்பப் போடலாம், உறைந்த பாலை மரத்துக்குத் திருப்பி அனுப்ப முடியாது. குறியீட்டு முறையில் ஈடுசெய்யும் நிகழ்வு என்று ஒன்று இருக்கிறது, பின்னோக்கிய இரட்டை முக்கோணம் போட்ட வட்டம். அதைப் பின்னோக்கி ஓடும் மந்திரமாக நினைக்காமல், இருப்பதை வைத்துச் செய்யும் அடுத்த நல்ல வேலையாக நினையுங்கள்.

நம் முன்னோர்கள் இதில் கெட்டிக்காரர்கள். மீன் விலை போகவில்லையா, உப்பிட்டுக் காயவை, கருவாடு. சிரட்டையில் பால் உறைந்துவிட்டதா, ஒட்டுப்பாலாகக் குறைந்த விலைக்குப் போகட்டும். தோவாளைப் பூச்சந்தையில் விடியலுக்கு முன் வந்த பிச்சிப்பூ விற்காவிட்டால்தான் சிக்கல். அதற்குக் கருவாடு கிடையாது. அதனால்தான் அங்கே நேரம் ஏற ஏற விலையும் ஆடுகிறது. அங்கே ஈடுசெய்யும் வட்டத்தின் வேலையை விலையே செய்துவிடுகிறது.

நாற்பது பேருடைய ரப்பர் பால் ஒரே பீப்பாயில் கலக்கிறது. வரைபடத்தில் யார் கணக்கு யாருடையது?

நல்ல கேள்வி, எனக்கு வந்ததிலேயே கடினமான கேள்வியும் இதுதான். வரைபடங்கள் ஒவ்வொரு பொருளும் தன் தனித்தன்மையோடு தொடக்கத்திலிருந்து முடிவுவரை நகரும் என்று எடுத்துக்கொள்கின்றன. விண்ணப்ப எண் 117 முடியும்வரை 117-தான். பால் ஊற்றியதும் கலந்துவிடும். பிறகு ஆலை அந்தப் பீப்பாயைத் தரமில்லை என்று திருப்பினால், தண்ணீர் ஊற்றியவர் யார்?

பாலில் உலர் ரப்பர் சுமார் 30 முதல் 40 சதவீதம். விலை அதைப் பொறுத்தது. மெட்ரோலாக் என்ற மிதவைக் கருவி அடர்த்தியைப் பார்த்து உடனே ஓர் எண்ணைச் சொல்லும், தோராயமானது. உறுதியாகத் தெரிய வேண்டுமானால் சிறிது பாலை எடுத்து உறையவைத்து, அழுத்தி, காயவைத்து எடை பார்க்க வேண்டும். அது உடனே முடியாது, பீப்பாய் அதுவரை காத்திருக்காது.

ஆகவே ஊற்றும் பெட்டிக்கு முன்னால் ஓர் இணைக்கிளை வருகிறது. பால் பீப்பாய்க்குப் போகிறது, அதே பாலின் ஒரு சிறு குப்பி, பெயர்ச்சீட்டோடு, சோதனைக்குப் போகிறது. பொருள் கலந்த பிறகும் குப்பி கலக்காமல் நிற்கிறது. பணம் குப்பியைப் பின்தொடர்கிறது, பீப்பாயை அல்ல. வரைபடத்தில் தனித்தனியே இரண்டு ஓட்டங்கள் வரைகிறேன்: ஒன்று தனித்தனி விவசாயிக்கானது, நாற்பது முறை ஓடும். இன்னொன்று பீப்பாய்க்கானது, ஒருமுறை ஓடும். எந்தப் பீப்பாயில் எந்த நாற்பது பெயர்கள் என்ற பட்டியல்தான் இரண்டுக்கும் பாலம். அந்தப் பட்டியலை எழுதுவது சாக்பீஸோ கணினியோ, எனக்குக் கவலையில்லை. ஊற்றுவதற்கு முன்பு எழுத வேண்டும். ஊற்றிய பிறகு எழுதுவது பட்டியல் அல்ல, ஞாபகம்.

எத்தனை மில்லிமீட்டர் மழைக்குப் பால்வெட்டை நிறுத்துவது, எத்தனை டிகிரிக்கு எச்சரிப்பது என்பதையெல்லாம் படத்திலேயே எழுதலாமா?

வேண்டாம். எண்கள் மாறும், படம் மாறக்கூடாது. முடிவு விதிகளைத் தனி அட்டவணையாக வைக்க டி.எம்.என். என்ற துணைமுறை இருக்கிறது. பெயர் தெரியாவிட்டாலும் ஒரு தாளில் கட்டம் போட்டு எழுதுங்கள்.

டிஜிட்டல் இரட்டை, அதாவது எங்கள் தொழிலின் நடப்பைக் கணினியில் அப்படியே காட்டும் மாதிரி, செய்து தருகிறோம் என்று ஒரு நிறுவனம் வந்திருக்கிறது. வாங்கலாமா?

உங்கள் வேலையின் ஒரு பக்கப் படத்தை அவர்களால் வரைந்து காட்ட முடிந்தால் பேசுங்கள். முடியாவிட்டால் தேநீரோடு அனுப்பிவையுங்கள்.

காற்றாலைப் பராமரிப்பை எப்படி வரைவது? ஆள், வண்டி, உதிரிப்பாகம் எல்லாம் இருந்தும் வேலை நடப்பதில்லை.

முப்பந்தலில், ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் நிற்கும் இயந்திரங்களைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். ஆள், வண்டி, உதிரிப்பாகத்தோடு நான்காவது வளமாக அமைதியான காற்றையும் பட்டியலில் சேருங்கள். பலத்த காற்றில் கோபுரத்தின் மேல் வேலை செய்ய முடியாது. அதே காற்றில்தான் வருமானமும் வருகிறது. ஆகவே தென்மேற்குப் பருவக் காற்று எழும்முன்பே திட்டமிட்ட பராமரிப்பை முடிப்பது ஒரு தடம், காற்றுக் காலத்தில் பழுதானால் காற்று தணியும் மணிக்காகக் காத்திருப்பது வேறொரு தடம். இரண்டையும் ஒரே "பராமரிப்பு" பெட்டியில் அடைத்ததால்தான் உங்கள் ஆட்கள் கோபுரத்தின் அடியில் உட்கார்ந்து சீட்டு விளையாடுகிறார்கள்.

எந்த மென்பொருளில் வரைவது?

காமுண்டா என்ற நிறுவனத்தின் இலவச வரைவி போதும். அதற்கும் முன்னால் பென்சிலும் அழிப்பானும்.

வரைந்து முடித்ததை முதலில் யாரிடம் காட்ட வேண்டும்?

உரிமையாளரிடம் அல்ல. வேலை செய்பவரிடம், வேலை நடக்கும் நேரத்தில், வேலை நடக்கும் இடத்தில். ரப்பர் என்றால் விடியலுக்கு முன்பு. மரத்தில் பால் நன்றாக ஓடுவது அப்போதுதான். வெயில் ஏறியபின் போனால் நீங்கள் பார்ப்பது மிச்சத்தை.

திருத்திய படத்தை எடுத்துக்கொண்டு அதே சேகரிப்பு நிலையத்துக்குப் பால் கொடுக்கும் ஒரு தோட்டத்துக்குப் போனேன். தலையில் விளக்குக் கட்டிய முதிய பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர் அந்த வெளிச்சத்திலேயே தாளைப் பார்த்தார். நான் பெருமையோடு காட்டினேன்: இதோ மழை வட்டம், பால் சேகரிக்கும் பெட்டியின் விளிம்பில் ஒட்டியிருக்கிறது, மழை வந்தால் சிரட்டைகளை உடனே எடுக்க வேண்டும்.

"தம்பி, மழை வந்த பிறகு எடுக்க ஓடினால் பாதி மரத்துக்குக்கூடப் போய்ச்சேர மாட்டேன்," என்றார். என் பென்சிலை வாங்கி, அந்த வட்டத்தை அடித்துவிட்டு, தாளின் இடது ஓரத்தில், என் முதல் பெட்டிக்கும் முன்னால், புதிதாக ஒரு வட்டம் போட்டார். "கத்தியை எடுப்பதற்கு முன்பே வானத்தைப் பார்த்தாக வேண்டும்." பிறகு அண்ணாந்து பார்த்தார். கத்தியை உறையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். நான் பஸ் நிறுத்தத்துக்குப் போய்ச்சேர்வதற்குள் முழுக்க நனைந்துவிட்டேன்.